வீட்டோடு சேர்ந்த மெஷின்

என்னைப்போல் பயிற்சி எடுத்த பெண் கல்முனைப் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால் அவளை ஒருமுறை பார்க்க ஆசை. கோழி வளர்க்க எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். காளான் வளர்க்கத் தந்திருக்கிறார்கள். மெழுகுதிரி வார்க்க, பழச்சாறு போத்தலில் அடைக்க, பழைய துணியில் கால்மிதி பின்ன, எல்லாவற்றிலும் நான் தேறியவள். மெழுகுதிரிப் பயிற்சி முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்தது. காளான் நன்றாகத்தான் முளைத்தது. எங்கள் தெருவில் அதை யார் தின்பார்கள் என்ற கேள்வி மட்டும் கடைசி நாள் வரை யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தோள்பை கிடைக்கும். அதன் மேல் பெண்ணொருத்தி கையை உயர்த்திக்கொண்டு நிற்பாள். என் வீட்டில் அவள் வெங்காயம் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு ஏன் இவ்வளவு பயிற்சி என்றால், நான் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண். இதை நானாகச் சொல்லவில்லை, நான் உட்கார்ந்த மண்டபங்களின் பதாகைகளில் பெரிய எழுத்தில் அப்படித்தான் இருந்தது. கடல் வந்து அடித்த பிறகு எங்கள் பக்கத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு சாதியாகப் பிரிந்துபோனார்கள். சுனாமிக்காரருக்கு ஒரு மண்டபம், யுத்தக்காரருக்கு ஒரு மண்டபம். இரண்டிலும் அடிபட்டவர்கள் எந்த மண்டபத்தில் சாப்பாடு நல்லது என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. கடல் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி நின்றுவிட்டது.

பிள்ளைகளின் வாப்பா அறுவடைக்கு முந்திய கிழமை வயலுக்குப் போனார். யானை வரும், காவலுக்கு ஆள் வேண்டும் என்றுதான் போனார். வீட்டுக்கு வந்தது ஜனாஸா. மூத்த மகள் அப்போது சின்னப் பிள்ளை, இளையவள் வயிற்றில். சுட்டது யார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது, ஒவ்வொருவரும் வந்து இருந்து எனக்கு விளக்கினார்கள். எனக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர்தான் வேண்டியிருந்தார்.

யுத்தம் முடிந்து சில வருஷம் போன பிறகு வந்ததுதான் நான் சொல்லப்போகிற பயிற்சி. சிறு வியாபாரம் செய்வது எப்படி என்பது அதன் விஷயம். கல்முனையில் ஒரு மண்டபத்தில் ஏசி போட்டு நடத்தினார்கள். அந்தக் குளிரில் எங்களுடைய சோகம் கெட்டுப்போகாமல் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் பர்தாவையும் முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தோம். பயிற்சி தந்தவர் கொழும்பிலிருந்து வந்த இளம்பிள்ளை. கழுத்துப்பட்டி கட்டி, வானொலியில் செய்தி வாசிப்பதைப்போல் சுத்தமாகக் கதைப்பார். நல்ல பிள்ளைதான். அவருக்கு எங்கள்மேல் இருந்த இரக்கத்தை நாங்கள்தான் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் நல்லிணக்கம். முஸ்லிம் பெண் ஒருத்தி, தமிழ்ப் பெண் ஒருத்தி என்று சோடி சேர்த்து உட்கார வைத்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கண்ணைப் பார்த்து, உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வாய்த்தவள் பெரியநீலாவணைக்காரி. அவளுடைய புருஷனையும் அதே யுத்தம்தான் கொண்டுபோயிருந்தது. இதற்கு மேல் அறிமுகம் எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் நான் கருவாடு வாங்குவதே அவளிடம்தான். முதல் நாள்கூடச் சந்தையில் நின்று விலைக்குச் சண்டை பிடித்திருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்:

"ராத்தா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிங்க. அப்பதான் டீ கெதியா வருமாம்."

நான் சிரித்துவிட்டேன். நல்லிணக்கம் ஏற்பட்டுவிட்டது என்று அந்தப் பிள்ளை படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு சொத்துப் பாடம் வந்தது. பலகையில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் நிலையான சொத்து, மறுபக்கம் அசையும் சொத்து என்று எழுதினார். நிலத்தோடு பொருந்தி இருப்பது நிலையான சொத்து, தூக்கிக்கொண்டு போகக்கூடியது அசையும் சொத்து. விளங்கிவிட்டது. உங்கள் வீடு எந்தப் பக்கம் வரும் என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு வீடு இல்ல ஸேர்" என்றேன்.

"அப்ப இப்ப எங்க இருக்கிறீங்க?"

"மகளுட வீட்டுல."

"மகள் கலியாணம் முடிச்சிட்டாவா?"

"இல்ல ஸேர், அஞ்சாம் வகுப்புப் படிக்கா."

அவர் அடுத்த பெண்ணைக் கேட்டார். அவளும் மகளின் வீட்டில்தான் இருந்தாள். பெரியநீலாவணைக்காரியும் தன் மகளின் வீட்டில்தான் இருந்தாள். ஒரு வரிசை முழுக்க அப்படியே வந்தது. அந்தப் பிள்ளையின் முகம் வாடிக்கொண்டே போனது. யுத்தம் எங்களுடைய வீடுகளையும் பறித்துக்கொண்டது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

யுத்தம் பறிக்கவில்லை, நாங்களே கொடுத்துவிட்டோம். இந்தக் கரையில் முஸ்லிமானாலும் தமிழரானாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீட்டைக் கொடுத்த தாய் பின்பக்கமாக ஒதுங்கிக்கொள்வாள். இன்னொரு மகள் இருந்தால் அவளுக்கு இன்னொரு வீடு கட்ட வேண்டும். பெண்பிள்ளை பிறந்த அன்றே அத்திவாரத்துக்குக் கல் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்பிள்ளை பெற்றவர்களுக்குக் கட்டுகிற வேலை கிடையாது, கட்டி முடிந்த வீட்டைப் பார்க்க வந்து சுவரைத் தட்டிப் பார்த்தால் போதும். என் உம்மா கட்டிய வீட்டில் நான் இருந்தேன். எனக்கு மூத்த மகள் பிறந்ததும் அது அவளுடைய வீடாகிவிட்டது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பேர் மாற்றுவதெல்லாம் பிறகு நடக்கிற விஷயம், பேச்சில் அன்றே மாறிவிடும்.

இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்த யாரும் முயலவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. சாப்பிட்ட பிறகு, ஐந்து வருஷத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எழுந்து நின்று சொல்லச் சொன்னார். நான் "குசினியில" என்றேன். அடுப்படியை விட்டு வேறெங்கே போகப்போகிறேன், உண்மையைத்தான் சொன்னேன். உணவு உற்பத்தித் துறை என்று விளங்கிக்கொண்டு கைதட்டச் சொன்னார்.

அப்படித்தான் எனக்கு மெஷின் கிடைத்தது. மிளகாயும் மல்லியும் மாவும் அரைக்கிற மெஷின், பெரிய மோட்டர் பூட்டியது. கொண்டுவந்து இறக்கிய அன்றே மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விறாந்தையின் நடுவில் நிலத்தை வெட்டி, நாலு போல்ட்டை இறக்கி, சீமெந்து போட்டுப் பூசிவிட்டார்கள். ஓரமாக வைப்போம், ஒரு மரச்சட்டத்தில் பூட்டுவோம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்கு முந்திய திட்டத்தில் கொடுத்த தையல் மெஷின்களைச் சில பெண்கள் விற்றுவிட்டார்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் விற்றார்களா, பசி வந்த நேரம் விற்றார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை. இனிமேல் பயனாளிகள் தூக்க முடியாதபடி பூச வேண்டும் என்பது புது ஒழுங்கு. "இப்ப இது உங்கட நிலையான சொத்து" என்று அந்தப் பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார்.

படமெடுக்கவும் ஒருவர் வந்தார். முதலில் மெஷினை ஒரு சாக்கால் மூடிவிட்டு என்னை வாசற்படியில் உட்காரச் சொன்னார். கன்னத்தில் கை வைக்கச் சொன்னார், வைத்தேன். இன்னும் கொஞ்சம் கவலையாக என்றார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை, கவலைக்குக் குறைவிருக்கவில்லை. பிறகு சாக்கை எடுத்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் சிரித்தபடி நிற்கச் சொன்னார். என் வாழ்க்கை மாறியதற்கு இந்த இரண்டு படங்களும் சாட்சி. இரண்டிலும் நான் ஒரே சட்டைதான் போட்டிருக்கிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, மெஷின் எங்களுக்குச் சோறு போட்டது. அதை மறந்து கதைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். மிளகாய் போடுகிற நாளில் ஒழுங்கை முழுக்கத் தும்மும். பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்னை ஏசுவார்கள், ஏசி முடித்துவிட்டுத் தங்கள் மிளகாயையும் கொண்டுவந்து தருவார்கள். நோன்புக்கு முந்திய கிழமையில் வாளிகள் வேலி வரைக்கும் வரிசையில் நிற்கும். என் கண் எப்போதும் சிவப்பு. புருஷனை நினைத்து இன்னும் அழுகிறாள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. அழுததும் உண்டு. ஆனால் மிளகாய்க்குத்தான் அதிகம்.

மூத்தவளுக்கு வீடு இருந்தது. மெஷின் உழைத்ததெல்லாம் இளையவளின் வீட்டுக்குப் போனது. பின்வளவுத் துண்டைப் பிரித்து அவளுடைய பங்கு என்று வேலி போட்டேன். அத்திவாரம் போட்டேன். கல் அடுக்க அடுக்கச் சுவர் உயர்ந்தது. நாட்டில் விலைகள் ஏறிய காலத்தில் சீமெந்து வாங்க முடியாமல் ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. இன்னும் அப்படியே நிற்கிறது. அந்தச் சுவர் கூரைவரை போக வேண்டுமானால் மெஷின் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் இளையவளுக்கு வீடில்லை. வீடில்லாத பெண்ணைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் மூத்தவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். எங்கள் பக்கத்தில் அது ஒரு நோய் மாதிரி, ஒருவருக்கு வந்தால் குடும்பம் முழுக்கத் தலை நிமிர்ந்துவிடும். மாப்பிள்ளையின் உம்மா முதல்முறை வந்து விறாந்தையில் இருந்ததும் தும்மினா. தும்மி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தா.

"தங்கச்சி, இத இதுக்குள்ள வெச்சிக்கிட்டிருக்க ஏலாது. மகன் கந்தோருக்குப் போற புள்ள. மாப்புள்ள வந்திரிக்கிற வீட்டுல மிளகாய் அரைக்கிறதா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"ஓம் ராத்தா, பின்னுக்குக் கொண்டுபோறன்" என்றேன். எனக்கு அதில் மறுப்பில்லை. பின்னுக்குப் போனாலும் மிளகாய் தூளாகத்தான் வரும். பூசினதை எப்படிப் பெயர்ப்பது என்றுதான் விளங்கவில்லை.

இரண்டாம் முறை அவ வந்தது நோன்புக்கு முந்திய கிழமை. நான் மெஷினை விட்டு எழும்ப முடியாமல் இருந்தேன். மூத்தவள் தேத்தண்ணீர் கொடுத்தாள், அவ குடித்தபடி ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. வாளிகள் வந்தன, போயின. அன்றைக்கு அவ ஒரு தரம்கூடத் தும்மவில்லை. அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் முறை, நோன்புப் பெருநாள் கழிந்து, மாப்பிள்ளையின் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தா. எங்கள் பக்கம் என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, வந்திருந்தார். சமாதானமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், எதிரெதிராக இரண்டு பேர் சொன்னால் இரண்டுக்கும் ஆட்டுவார். சீதனம் ஹராம் என்று ஜும்ஆத் தொழுகையில் பயான் நடந்து சூடு ஆறவில்லை. அதனால் மாமா ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நாங்க சீதனம் எண்டு ஒண்டும் கேக்கல்ல. அல்லாஹ்வுக்குப் பயந்த குடும்பம். வீடு மட்டும்தான்."

வீடு சீதனத்தில் சேராது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், பள்ளிவாசலில் கேளுங்கள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா தொண்டையைச் செருமினா.

"மெஷின எடுக்கச் சொல்லி நான் சொன்னது பிழ, தங்கச்சி. யோசிச்சுப் பாத்தன். வீட்டோட இரிக்கிறது வீட்டோடயே இரிக்கட்டும். பூசின சாமானப் பேர்த்தெடுத்தா வீட்டுல பறக்கத் இரிக்காது."

அல்லாஹ்வின் அருளான பறக்கத் என்கிற வார்த்தை வந்தால் எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காக்கா தலையாட்டினார். "அதுவும் சரிதான். பூசினது நிலத்தோட சேந்ததுதானே" என்றார். கொழும்பிலிருந்து வந்த பிள்ளை பலகையில் கோடு போட்டு எழுதிய பாடத்தை, அந்த மண்டபத்தின் வாசலைக்கூட மிதிக்காத என் காக்கா வரிக்கு வரி ஒப்புவித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து முடிவாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கோபமென்றால் கோபம். ஆனால் யார்மேல் கோபிப்பது? அவ தன் மகனுக்கு நல்லது பார்த்தா. நான் மறுத்தால் மூத்தவளின் கலியாணம் குழம்பும், ஒத்துக்கொண்டால் மெஷினின் உழைப்பும் வீட்டோடு போய், இளையவளின் சுவர் ஜன்னல் மட்டத்தில் கிடக்கும். ஒரு மகளின் வீட்டுக்குள் இன்னொரு மகளின் வீட்டைப் போட்டுப் பூசி வைத்திருந்தார்கள்.

மூத்தவளைக் கேட்டேன். "நீங்க என்ன செஞ்சாலும் சரி உம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், நீங்கள் எதைச் செய்தாலும் எனக்குச் சரியில்லை என்பது. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போனில் கதைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். மெஷினும் தனக்கு வந்தால் நல்லதென்று அவள் நினைக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் எனக்குள் வந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

இளையவள் உயர்தரத்துக்குப் படிக்கிறாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கு வீடு வேணாம் உம்மா. நான் படிச்சி வேலைக்குப் போறன். ராத்தாவுக்கே குடுங்க" என்றாள். வாப்பாவின் முகத்தையே பார்க்காத பிள்ளை அவள். எதையும் கேட்டு அடம்பிடித்தவள் அல்ல, கிடைத்ததை வைத்துக்கொண்டு வளர்ந்தாள். அவள் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். அன்றைக்கு மிளகாய் அரைக்கவில்லை.

மெஷின் தந்த நிறுவனத்திடம் கேட்கலாமென்றால், திட்டம் முடிந்து அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். எங்களைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் வேறெங்கோ கிடைத்திருப்பார்கள். கடைசியில் பெரியநீலாவணைக்காரிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "என்ன கா ராத்தா, சீமெந்துதானே? அல்லாவா வந்து பூசினாரு? வெள்ளிக்கிழம காலயில அலவாங்கு கொண்டு வாறன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். ஒரு ஆள் உயர இரும்பு அலவாங்கைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். இது என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, கலியாண வீட்டுச் சாமான் என்று சொன்னாளாம். இளையவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினோம். அந்த மேசன் நல்ல வேலைக்காரன். அவனுக்குச் சாபம் கொடுத்துக் கொடுத்தே இடித்தோம். அவள் குத்த நான் மண்ணை அள்ள, நான் குத்த அவள் அள்ள, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு பெண்கள் தோளோடு தோள் நின்று வியர்த்தோம். படமெடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

சத்தத்துக்கு மூத்தவள் வெளியே வந்தாள். நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன், ஏதாவது சொல்லட்டும் என்று. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். நான் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றேன். பெரியநீலாவணைக்காரி அலவாங்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க இரிங்க ராத்தா, நான் முடிக்கன்" என்றாள்.

நாலு போல்ட்டும் பெயர்ந்தன. தென்னங்குற்றிகளைப் போட்டு உருட்டி உருட்டி மெஷினைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், வேலி தாண்டி, இளையவளின் ஜன்னல் மட்டச் சுவருக்குள் நிறுத்தினோம். விறாந்தையின் நடுவில் பெரிய பள்ளமாக ஒரு கிடங்கு. பாயைப் போட்டு மூடுவோம் என்றேன். வேண்டாம், மாப்பிள்ளையின் மாமா விழுந்து வைத்தால் அந்த வைத்தியச் செலவையும் சீதனத்தில் கேட்பார் என்றாள் அவள். கிடங்கைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டுவிட்டு அவளை அனுப்பி வைத்தேன்.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். நடுவில் நெருப்பு இல்லாததுதான் குறை, குளிர்காய இருப்பவர்கள் மாதிரி எல்லோரும் கிடங்கைச் சுற்றி இருந்தார்கள். காக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் உள்வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூத்தவள் திரைக்கு அந்தப் பக்கம்.

"மெஷின் எங்க?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டா.

"சின்ன மகளுட வளவுல நிக்கிது ராத்தா. அது அவளுக்குச் சேந்தது."

"பேர்த்திட்டீங்களா?"

"ஓம். பேர்க்க ஏலாது எண்டுதான் நானும் இவ்வளவு காலமும் நினச்சிக்கிட்டிருந்தன்."

மாமா கிடங்கைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று மறுபடியும் ஒருமுறை சொன்னார். "ஆனாப் பேச்சு எண்டா பேச்சு. வீட்டோட இரிந்தது இல்லையெண்டா மறுகா யோசிக்கத்தான் வேணும். இந்தா, இந்தக் கிடங்கோடயா புள்ளைக்கு வீட்டக் குடுக்கப்போறீங்க?"

என் நாக்கில் ஒரு பதில் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் கலியாணம் அங்கேயே முடிந்திருக்கும். காக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். மூத்தவளின் வாழ்க்கையை நானே அலவாங்கால் குத்திவிட்டேனோ என்று பயந்தேன். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் வந்தது. நிக்காஹ் முடியும் முன்னர் பெண்ணின் குரல் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

"கிடங்கு என்ட நிலத்துல கிடக்கு மாமி. நான் பூசிக்குவன். மெஷின் தங்கச்சிட. அதப் பத்திக் கதைக்கிறதெண்டா எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

காக்காவுக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் உம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவும் தன் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் பின்அறையில் இருக்கிறவ. குரலை இறக்கி, "எங்கட வீட்டுல அரைப் பேக் சீமெந்து மிச்சம் கிடக்கு. மகன்ட கையில குடுத்து அனுப்புறன்" என்றா. பிறகு தேத்தண்ணீர் கேட்டா. கலியாண நாள் அன்றே முடிவாயிற்று.

அவர்கள் போன பிறகு நான் உள்ளே ஓடிப் போய் மூத்தவளைக் கட்டிப்பிடித்தேன். அவளைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்துப் பிடித்தேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கை முழுக்கச் சீமெந்துத் தூசி, கழுவிவிட்டு வாருங்கள் என்றாள்.

மெஷினை எங்கே ஓட்டுவது என்பது மிச்சமிருந்தது. இளையவளின் வளவில் கூரையும் இல்லை, கரண்டும் இல்லை. இந்த வீட்டின் பின்சுவரோரம் நாலு தகரம் போட்டு, ஒரு வயரை இழுத்தால் போதும் என்று நான் அடுத்த நாளே இடத்தை அளந்துகொண்டிருந்தேன். மூத்தவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதுலயா வெக்கப்போறீங்க?"

"ஓம். உனக்குக் கரைச்சல் இல்லாத இடம்தானே."

அவள் சுவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என் உம்மா எனக்குக் கொடுத்த நாளில் நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அவர் கந்தோருக்குப் போனாப் பொறகு அரைங்க. அவர் வரக்குள்ள நிப்பாட்டிருங்க" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "வாடகை ஒண்டும் வேணாம் உம்மா" என்றாள்.

பகிடிக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.